கேமரா எடுக்கும் முன்: ராமநாதபுரம் கடற்கரையில் ஆவணப்படத்துக்கு ஆய்வு செய்வது எப்படி? – முழுமையான வழிகாட்டி

தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயம், பாம்பன் பாலத்தில் ஊர்ந்து போகும் ரயில், அந்தி வெளிச்சத்தில் வலை இழுக்கும் மீனவர். ராமநாதபுரம் கடற்கரையைப் பற்றிப் படம் எடுக்க வருகிற பலர் இந்த மூன்றையும் மனதுக்குள் எடுத்து முடித்துவிட்டுத்தான் வண்டி ஏறுகிறார்கள். வந்ததும் அதையே கேமராவிலும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். சுமார் 237 கிலோமீட்டர் கடற்கரை இது. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா என இரண்டு கடல். தொண்டியின் வாழ்க்கை கீழக்கரையில் இல்லை, கீழக்கரையின் வாழ்க்கை மூக்கையூரில் இல்லை. திரையில் மட்டும் எல்லாம் ஒன்றாகிவிடுகிறது. எடுப்பவர்களின் திறமைக் குறைவு இதற்குக் காரணம் இல்லை. படப்பிடிப்புக்கு முன் செய்ய வேண்டிய ஆய்வைச் செய்யாததுதான் காரணம்.

இருபது, முப்பது நிமிட ஆவணப்படம் எடுக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வானொலி நிகழ்ச்சிக்கும் பாட்காஸ்ட்டுக்கும் இதே முறை பொருந்தும். பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் பயனில்லை என்பதால் ஒரே பொருளை எடுத்துக்கொள்வோம்: பாம்பன், மண்டபம் பக்கம் கடலில் முங்கிப் பாசி எடுக்கும் பெண்கள்.

முதலில் கேள்வியை எழுதுங்கள்

“பாசி எடுக்கும் பெண்களின் வாழ்க்கை” என்பது தலைப்பு. அதை வைத்துக்கொண்டு ஆய்வு செய்ய முடியாது. கேள்வி என்றால் இப்படி இருக்க வேண்டும்: தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாத் தீவுகளுக்குப் போகக் கூடாது என்று சட்டம் சொல்கிறதே, இவர்கள் எங்கே முங்குகிறார்கள்? காய்ந்த பாசிக்கு விலையை யார் முடிவு செய்கிறார்கள்? அம்மா செய்த இந்த வேலைக்கு மகள் வருகிறாளா?

மூன்றும் மூன்று விதமான ஆய்வைக் கேட்கின்றன. முதல் கேள்விக்குச் சட்டமும் வரைபடமும் வேண்டும். இரண்டாவதற்கு வியாபாரிகளோடு பேசி, கணக்கு நோட்டைப் பார்க்க வேண்டும். மூன்றாவதற்கு ஒரே வீட்டுத் திண்ணையில் பல நாள் உட்கார வேண்டும். எந்த ஆய்வு முறை என்பதைக் கேள்விதான் முடிவு செய்யும். நேர்காணல் நமக்கு எளிதாக வருகிறது என்பதற்காக எல்லாவற்றையும் நேர்காணலாலேயே கண்டுபிடிக்கப் பார்க்கக் கூடாது.

ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள். எனக்குத் தெரிந்தவை, தெரியும் என்று நான் நினைப்பவை, தெரியாதவை. நடுப் பத்திதான் ஆபத்தானது. உதாரணத்துக்கு, “நூற்றாண்டுகளாக நடந்து வரும் பாரம்பரியத் தொழில்” என்ற வரி பின்னணிக் குரலில் வெகு சுலபமாக வந்து விழும். கடற்கரை மக்களுக்குப் பாசியைப் பழங்காலத்திலிருந்தே தெரியும் என்பது சரி. ஆனால் அகர், ஆல்ஜினேட் (பாசியிலிருந்து எடுக்கும் கெட்டியாக்கும் பொருட்கள்) தயாரிக்கும் ஆலைகளுக்காக வணிக அளவில் பாசி எடுப்பது இங்கே 1960-களில்தான் சூடு பிடித்தது. அப்படியானால் இன்று எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெண் இந்தத் தொழில் வளர்ந்த காலம் முழுவதையும் கண்ணால் பார்த்திருப்பாள். உங்கள் படத்தின் கதை சொல்லியே அவளாக இருக்கலாம். நடுப் பத்தியைச் சோதிக்காமல் விட்டிருந்தால் அவளைத் தேடியே போயிருக்க மாட்டீர்கள்.

யார் பார்க்கப் போகிறார்கள்?

பாம்பனில் 2016-லிருந்து கடல் ஓசை என்ற சமுதாய வானொலி 90.4-ல் ஒலிபரப்பாகிறது. மீனவ மக்களுக்காகவே நடப்பது. அதன் நேயருக்கு வாடைக் காற்று (வடகிழக்குப் பருவக் காற்று) என்றால் என்ன என்று விளக்கினால் சிரிப்பார். அதே படத்தைக் கோயம்புத்தூரில் பார்ப்பவருக்கு விளக்காவிட்டால் பாதிப் படம் போய்விடும். ஆகவே யாருக்கு என்பதை ஆய்வு தொடங்கும்போதே முடிவு செய்யுங்கள்.

இதற்குப் பெரிய செலவு இல்லை. உங்கள் பார்வையாளர்கள் என்று நினைக்கும் ஏழெட்டுப் பேரைக் கூட்டி, கைப்பேசியில் எடுத்த இரண்டு நிமிடக் காட்சியைப் போட்டுக் காட்டுங்கள். “பிடித்ததா?” என்று கேட்காதீர்கள். “என்ன நடக்கிறது என்று சொல்லுங்கள்” என்று கேளுங்கள். அவர்கள் தடுமாறுகிற இடம்தான் நீங்கள் விளக்க வேண்டிய இடம். இதே பொருளில் ஏற்கெனவே வந்த காணொளிகளையும் ஒரு பட்டியல் போட்டு, ஒவ்வொன்றிலும் யார் பேசுகிறார், யார் பேசவில்லை என்று குறியுங்கள். பெரும்பாலும் தலைவர் பேசுவார், அதிகாரி பேசுவார். தராசு பிடிக்கிறவர் பேசுவதே இல்லை.

உட்கார்ந்து படிக்க வேண்டியவை

இந்தக் கடற்கரையைப் பற்றி எழுதப்பட்டது குறைவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1947-ல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் பல ஆண்டுகள் இருந்ததே மண்டபத்தில்தான். பிறகு அது கொச்சிக்குப் போனாலும் மண்டபத்தில் நிலையத்தின் மையம் இருக்கிறது, பல பத்தாண்டுகளின் ஆய்வறிக்கைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பாசி பற்றி ஆராய மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் கிளையும் மண்டபத்தில் உண்டு. மீன்வளத் துறை ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பைக் கட்டாயம் படியுங்கள். திட்டங்கள், ஒதுக்கீடுகள், படகுக் கணக்கு எல்லாம் அதில் இருக்கும். 2023-ல் வளமாவூரில் சுமார் 127 கோடி ரூபாயில் கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டினார்கள் என்பது போன்ற தகவல்களை இப்படி அரசு ஆவணத்தோடு ஒப்பிட்டு உறுதி செய்துகொள்ளலாம். பழைய விவரங்களுக்கு 1972-ல் வந்த மாவட்ட கெஜட்டியர் (மாவட்டத்தைப் பற்றிய அரசின் விவரத் தொகுப்பு), எழும்பூர் ஆவணக் காப்பகம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் ஆகியவை இருக்கின்றன. எங்கும் கிடைக்காததைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். அதனால் அந்த மனுவை ஆய்வின் முதல் வாரத்திலேயே போட்டுவிடுவது நல்லது.

படிக்கும்போது இரண்டு எண்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986-ல் அறிவிக்கப்பட்டது. 21 தீவுகள், 560 சதுர கிலோமீட்டர். உயிர்க்கோளக் காப்பகம் 1989-ல் வந்தது. 10,500 சதுர கிலோமீட்டர். நுழையக் கூடாது என்ற கட்டுப்பாடு பூங்காவுக்குத்தான். காப்பகத்தின் பரப்புக்குள் மக்கள் காலங்காலமாக மீன் பிடித்து வாழ்கிறார்கள். “10,500 சதுர கிலோமீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி” என்று ஒரு வரி படத்தில் வந்துவிட்டால், பாம்பனில் ஒருவரும் அடுத்த நிமிடத்தை நம்ப மாட்டார்கள். நம்பவும் கூடாது.

தனுஷ்கோடியை அழித்த 1964 புயலும் இப்படித்தான். டிசம்பர் 22 இரவு பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன 653-ஆம் எண் பயணிகள் ரயில் கடலில் அடித்துச் செல்லப்பட்டது. இதில் சந்தேகம் இல்லை. ரயிலில் எத்தனை பேர், மொத்தம் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதில் ஒவ்வொரு நூலும் ஒவ்வொரு எண் சொல்கிறது. பத்து இடத்தில் ஒரே எண்ணைப் பார்த்ததும் அதுதான் சரி என்று முடிவு செய்யாதீர்கள். அந்தப் பத்தும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியதாக இருக்கலாம். எண் முதலில் எங்கிருந்து கிளம்பியது என்று பின்னோக்கிப் போங்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு மூலங்களாவது ஒத்துப்போனால் எடுத்துக்கொள்ளுங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் “நூற்றுக்கும் மேற்பட்டோர்” என்று எழுதுவதே நேர்மை.

பழைய புகைப்படங்களைப் பயன்படுத்துகிறவர்கள் “அறுபது வருஷம் ஆயிருச்சே, யாரும் கேட்க மாட்டாங்க” என்பார்கள். 2012-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு புகைப்படத்தின் பதிப்புரிமை, எடுத்தவரின் வாழ்நாளோடு மேலும் 60 ஆண்டுகள். எடுத்தவர் யார் என்று கண்டுபிடிப்பதும் ஆய்வு வேலைதான்.

கேமரா இல்லாமல் ஒரு முறை போங்கள்

என்னைக் கேட்டால் மொத்த ஆய்வில் இதற்குத்தான் அதிக நாள் ஒதுக்க வேண்டும். பணம் இல்லை என்று முதலில் வெட்டப்படுவதும் இதுதான்.

போவதற்கு முன் ஒரு கடல் நாட்காட்டி போடுங்கள். பன்னிரண்டு மாதமும் மேல் வரிசையில். அதன் கீழே காற்று, பிறை, தடைக்காலம், திருவிழா, பள்ளித் தேர்வு என்று தனித்தனி வரிசை. பாசிக்குப் போகிறவர்கள் மாதம் முழுக்கப் போவதில்லை. அமாவாசையை ஒட்டிச் சில நாள், பௌர்ணமியை ஒட்டிச் சில நாள் என மாதத்தில் சுமார் 12 நாள்தான் வேலை. இது தெரியாமல் அஷ்டமி அன்று வந்து இறங்கினால் பூட்டிய வீட்டையும் கட்டிக்கிடக்கும் வல்லத்தையும் (நாட்டுப்படகு)தான் படம் எடுக்க முடியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடை. அந்த நாட்களில் துறைமுகம் வேறு முகம் காட்டும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை வீசும்போது வடகடல் குமுறும், தென்கடல் அமைதியாக இருக்கும். தென்மேற்குக் காற்றில் இது தலைகீழ். பாம்பன் போன்ற ஊரில் இரண்டு கடலும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் காற்றைப் பார்த்து இடத்தை மாற்றிக்கொள்ளலாம். நாட்காட்டி இருந்தால் மழைக்காலமும் உங்களுக்குப் படப்பிடிப்புக் காலமே.

போன இடத்தில் முதல் நாள் கேள்வி கேட்காதீர்கள், பாருங்கள். விடியலில் பெண்கள் கரையில் உட்கார்ந்து தயாராவதை மட்டும் ஒரு மணி நேரம் பாருங்கள். சேலைக்கு மேல் சட்டை. பாறையும் பவளமும் கிழிக்காமல் இருக்கத் துணிக் கிழிசலை விரல் விரலாகச் சுற்றுகிறார்கள். ஒரு கையால் சுற்றி, முடிச்சைப் பல்லால் இறுக்குகிறார்கள். கண்ணுக்குக் கண்ணாடி, இடுப்பில் வலைப்பை, தண்ணீரில் உந்தக் காலில் கட்டிக்கொள்ளும் தட்டு. இதில் எது காசு கொடுத்து வாங்கியது, எது வீட்டில் செய்தது, எது அம்மாவுடையது? இந்தக் கேள்வியை அறையில் உட்கார்ந்து யோசித்திருக்க முடியாது. அதோடு, “வேலை எப்படிம்மா செய்வீங்க?” என்று கேட்டால் எவரும் பல்லால் முடிச்சிடுவதைச் சொல்ல மாட்டார்கள். அவர்களுக்கு அது சொல்ல வேண்டிய விஷயமே இல்லை.

கரை திரும்பியதும் பாருங்கள். பாசியைக் கொட்டி, மண்ணும் சிப்பியும் பொறுக்கி, வெயிலில் உலர்த்தி, புரட்டிப் போட்டு, எடை போட்டு விற்கிறார்கள். தராசு யாருடையது? ஈரத்துக்கும் மண்ணுக்கும் கழிக்கிறார்களா, எவ்வளவு? முன்பணம் வாங்கியவருக்கும் வாங்காதவருக்கும் ஒரே விலையா? மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று ஒவ்வொரு பாசிக்கும் தனி விலை உண்டு. எந்தப் பெயர் எந்தப் பாசி என்பதை அங்கேயே படம் பிடித்துக் குறித்துக்கொண்டு, மண்டபத்தில் ஓர் ஆராய்ச்சியாளரிடம் காட்டி உறுதி செய்யுங்கள்.

பார்த்ததை அன்றிரவே எழுதிவிடுங்கள். மறுநாள் எழுதினால் பார்த்ததோடு நினைத்ததும் கலந்துவிடும்.

யாரிடம், எப்படிப் பேசுவது

ஊருக்குள் நுழையும்போது ஊர்த் தலைவரையோ, சங்கத்தையோ, தங்கச்சிமடம் போன்ற ஊர்களில் பங்குத் தந்தையையோ, கீழக்கரையில் ஜமாஅத்தையோ பார்த்துச் சொல்லிவிட்டுப் போவது மரியாதை. ஆனால் அவர்கள் வழியாக மட்டும் போனால், அவர்கள் கை காட்டும் ஆட்கள்தான் கிடைப்பார்கள்; பெண்கள் அவர்கள் முன்னால் பேசலாம், பேசாமலும் இருக்கலாம். எனவே மகளிர் சுய உதவிக் குழு வழியாகவும் ஒரு வாசலைத் திறந்துகொள்ளுங்கள். “மீனவர்” என்று ஒரே கூட்டமாக நினைத்துப் போகவும் வேண்டாம். பரதவர், கடையர், வலையர், மரைக்காயர் என்று பல சமூகங்கள், தொழிலிலும் பல பிரிவுகள். விசைப்படகுக்காரரும் நாட்டுப்படகுக்காரரும் ஒரே கடலைப் பற்றி எதிரெதிராகச் சொல்வார்கள். அவர்கள் கடலுக்குப் போகும் நாளே வாரத்தில் வேறு வேறு. இரண்டு பேரிடமும் கேளுங்கள்.

சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு 2015-ல், தீவுகளின் சூழலைக் காக்கும் சீகாலஜி என்ற அமைப்பின் விருது கிடைத்தது. பாசி எடுக்கும் பெண்களின் குரலை உலகம் கேட்க வைத்தவர்களில் அவர் முக்கியமானவர். அப்படி அறியப்பட்டவர்களிடம் பேசத்தான் வேண்டும். ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். பலமுறை பேட்டி கொடுத்தவர்களிடம் கேள்விக்கு முன்பே பதில் தயாராக இருக்கும், அது அவர்கள் தவறு இல்லை. “உங்ககூட வர்றவங்கள்ல இதுவரைக்கும் யாரும் பேட்டி எடுக்காதவங்க யாருக்கா?” என்று அவர்களிடமே கேளுங்கள்.

அக்கா, அண்ணே, ஆத்தா என்று வயதுக்கேற்ப அழையுங்கள். கீழக்கரைப் பக்கம் முஸ்லிம் வீடுகளில் காக்கா, லாத்தா. கேள்வி உணர்ச்சியைத் தூண்டுவதாக இருக்க வேண்டாம். “கஷ்டமா இருக்குமாக்கா?” என்றால் “ஆமா தம்பி, கஷ்டந்தான்” என்று முடிந்துவிடும். இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

“நேத்து எத்தன மணிக்கு எந்திரிச்சீங்கக்கா?”

“மூணு மணி.”

“எந்திரிச்சதும்?”

“சோத்த வடிச்சு வச்சுட்டு, புள்ளைக்கு எடுத்து வச்சுட்டு...”

“அப்புறம்?”

இந்த “அப்புறம்” ஒன்றே போதும். நேற்றைய நாள் முழுவதும் வந்துவிடும். பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில், ஒரு குறிப்பிட்ட நாளைக் கேட்டால் உண்மையான நாள்.

முன்நேர்காணலில் ஒரு கட்டுப்பாடு வேண்டும். மனதை உலுக்கும் சம்பவத்தை முழுதாகச் சொல்ல விடாதீர்கள். முதல் முறை சொல்லும்போது வரும் குரல் இரண்டாம் முறை வராது. “அக்கா, இத ஷூட்டிங் அன்னைக்குச் சொல்லுங்க, இப்ப வேணாம்” என்று மெதுவாக நிறுத்துங்கள். அவர் அதைக் கேமரா முன் சொல்ல விரும்புகிறாரா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

பணம் கொடுக்கலாமா? சொல்லும் பதிலுக்காகப் பணம் கொடுக்கக் கூடாது. ஆனால் மாதத்தில் 12 நாள் மட்டுமே வேலை உள்ள ஒருவரின் வேலை நாளை நீங்கள் எடுத்துக்கொண்டால் அந்த நாளின் கூலியைக் கொடுப்பதுதான் நியாயம். அதைப் பட்ஜெட்டில் முதலிலேயே எழுதுங்கள்.

எண்ணிக்கை ஆய்வு

சிறிய கணக்கெடுப்பு பயன்படும், பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். முப்பது வீட்டில் கேட்டுவிட்டு “மாவட்டத்தில் 70 சதவீதப் பெண்கள்” என்று போடாதீர்கள். “நாங்கள் பேசிய முப்பது பேரில்” என்று சொல்லுங்கள். மாத வருமானத்தைக் கேட்டால் தோராயம் வரும். கடைசியாகப் போன நாளில் எத்தனை கிலோ, என்ன விலை, வல்லத்துக்கும் டீசலுக்கும் எவ்வளவு போனது என்று கேட்டால் கணக்கு வரும்.

மறுபக்கம்

வனத்துறை, விஞ்ஞானி, வியாபாரி மூவரையும் வில்லனாக முடிவு செய்துவிட்டுப் போனால் ஆய்வே தேவையில்லை. கப்பாஃபைகஸ் பாசி வளர்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கு நிலையான வருமானம் தருகிறது என்று ஒரு சாரார். வெளிநாட்டிலிருந்து வந்த இந்தப் பாசி குருசடைத் தீவுப் பக்கம் பவளப் பாறைமேல் படர்ந்துவிட்டது என்று இன்னொரு சாரார். இரண்டு பக்கமும் ஆய்வறிக்கை வைத்திருக்கிறார்கள். இருவரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: “என்ன ஆதாரம் கிடைத்தால் உங்கள் கருத்தை மாற்றிக்கொள்வீர்கள்?” அந்தப் பதிலில் யார் எவ்வளவு தூரம் யோசித்திருக்கிறார் என்பது தெரிந்துவிடும்.

அனுமதியும், படத்தால் வரக்கூடிய கேடும்

தேசியப் பூங்கா எல்லைக்குள் படம் எடுக்க 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தலைமை வனவுயிர்க் காப்பாளரின் அனுமதி வேண்டும். ராமநாதபுரத்தில் உள்ள வனவுயிர்க் காப்பாளர் அலுவலகத்தில் விசாரித்துத் தொடங்குங்கள். டிரோனுக்கு டிஜிட்டல் ஸ்கை தளத்தின் வரைபடத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு எது என்று பாருங்கள். உச்சிப்புளியில் கடற்படையின் பருந்து விமானத் தளம் இருக்கிறது, மண்டபத்தில் கடலோரக் காவல்படை இருக்கிறது, சர்வதேசக் கடல் எல்லை பக்கத்தில். இங்கே விசாரிக்காமல் டிரோன் பறக்கவிடுவது விளையாட்டு இல்லை. பாம்பன் பாலத்தில் எடுக்க ரயில்வேயிடம் கேளுங்கள். 1914-ல் திறந்த பழைய பாலமும், 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதிய தூக்குப் பாலமும் வேறு வேறு என்பதைக் கோப்பில் இருந்து பழைய காட்சியைச் சேர்க்கும்போது மறந்துவிடக் கூடாது. தனுஷ்கோடிக்கு அப்பால் நிலம் முடியும் அரிச்சல்முனையில் இரவு தங்க முடியாது. சூரிய உதயம் வேண்டுமென்றால் முன்கூட்டியே பேசுங்கள். காற்று ஓயாத ஊர், மைக்குக்கு நல்ல உறையோடு போய் ஒலியையும் பதிந்து சோதியுங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. நீங்கள் எடுக்கும் காட்சி ஒருவர்மேல் வழக்குப் போட ஆதாரமாகலாம். பெண்கள் முங்கும் இடம் பூங்கா எல்லைக்குள்ளா வெளியிலா என்பது டிரோன் காட்சியில் பளிச்சென்று தெரியும். கடல் அட்டை 2001-லிருந்து பாதுகாக்கப்பட்ட உயிரினம். எங்கோ பின்னணியில் ஒருவர் கையில் அது இருந்தால் போதும். ஆகவே ஆய்வுக் குறிப்பில் முகம், பெயர், இடம் மூன்றையும் ஒரே கோப்பில் வைக்காதீர்கள். எந்தக் காட்சி யாருக்கு என்ன செய்யும் என்று ஒவ்வொரு இடத்துக்கும் எழுதிப் பாருங்கள். ஆபத்து என்று தெரிந்தால், எவ்வளவு அழகான காட்சியாக இருந்தாலும் எடுக்க வேண்டாம். சம்மதம் வாங்கும்போது தாளில் கையெழுத்து மட்டும் போதாது. படம் யூடியூபில் வரும், அதிகாரியும் பார்ப்பார், உறவினரும் பார்ப்பார் என்பதை வாய்விட்டுச் சொல்லி, அவர் யோசிக்க ஓர் இரவு கொடுங்கள்.

குறிப்பிலிருந்து ஸ்கிரிப்ட்டுக்கு

ஆய்வு முடிந்ததும் முதலில் எழுதிய கேள்வியை எடுத்துப் பாருங்கள். அது அப்படியே இருந்தால் இன்னும் கொஞ்சம் ஆய்வு பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். “தீவுக்குப் போகக் கூடாது என்றால் எங்கே முங்குகிறார்கள்?” என்று தொடங்கியது, “எல்லைக் கோட்டைக் கடலில் யார் கண்ணால் பார்க்க முடியும்?” என்று மாறியிருக்கலாம். புதிய கேள்விக்கு நேராக ஒவ்வொரு காட்சியையும் வையுங்கள்: காட்சி, எந்தத் தகவலைச் சொல்கிறது, அந்தத் தகவலின் மூலம் எது, எந்தப் பிறையில் எந்தக் காற்றில் எடுக்க வேண்டும், யார் அனுமதி, என்ன செலவு. இந்த அட்டவணையில் மூலம் காலியாக இருக்கும் வரி எதுவும் ஸ்கிரிப்ட்டுக்குள் போகக் கூடாது. அட்டவணை நிரம்பியதும் படப்பிடிப்புத் தேதியும் பட்ஜெட்டும் அதிலிருந்தே வந்துவிடும்.

எடிட்டிங்கின் முதல் வடிவம் முடிந்ததும் திரும்பவும் பாம்பனுக்குப் போக இரண்டு நாளுக்குப் பணம் ஒதுக்கி வையுங்கள். அறிவியல் வரிகளை மண்டபத்தில் ஓர் ஆராய்ச்சியாளரிடமும், மற்றதையெல்லாம் படத்தில் வரும் பெண்களிடமும் போட்டுக் காட்டுங்கள். போகும் நாளை வளர்பிறை அஷ்டமியாகவோ தேய்பிறை அஷ்டமியாகவோ பார்த்து வையுங்கள், அன்று அவர்கள் வீட்டில் இருப்பார்கள்.